குடிலுக்குள் வெக்கை ஏறினால்… குமரி வாசகர்களின் பசுமைக்குடில் கேள்விகள்

வீட்டுப் பசுமைக்குடில் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 20 அடி இடம் சும்மா கிடக்கிறது. மழைக்காலத்தில் கீரையும் மிளகாயும் அழுகிப்போவதால் ஒரு குடில் போடலாம் என்று நினைக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணன், நாலு பக்கமும் மூடிக் கட்டினால்தான் அது குடில் என்கிறார். இங்குள்ள வெல்டிங் கடைக்காரரோ பச்சை வலை கட்டினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, தக்கலை

இந்த விஷயத்தில் இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். அண்ணன் இருக்கும் ஊரில் குடில் கட்டுவது சூட்டைப் பிடித்து வைக்க. நமக்குச் சூடு கேட்காமலே வருகிறது. தக்கலையில் செடியைக் கெடுப்பது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் வந்து நிற்கும் வடகிழக்குப் பருவமழையும்தான். பச்சை வலை மழையைத் தடுக்காது. துளியை உடைத்துச் சொட்டவிடும், அவ்வளவுதான். இலை நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும், அழுகலும் தொடரும். உங்களுக்கு வேண்டியது மழைமறைப்பு. அதாவது மேலே பாலித்தீன் கூரை, நாலு பக்கமும் காற்று. பக்கத்தில் கேரளத்தில் வீட்டுத் தோட்டங்களில் இந்த அமைப்புதான் பரவலாக இருக்கிறது.

தூண்களுக்கு ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதும். 20 அடி நீளத்தில் 5 அடிக்கு ஒன்றாக, ஒரு பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் பத்து. குழி 2 அடி ஆழம், 1 அடி சதுரம்; 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். பக்கத்தூண் தரைக்கு மேல் 8 அடி நிற்க வேண்டும். 6 அடியில் நிறுத்தினால் செலவு கொஞ்சம் குறையும். ஆனால் ஏப்ரலில் உள்ளே நிற்க முடியாது, தக்காளிப் பூவும் நிற்காது. நடு முகடு 11 அடி.

முகட்டில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். இரண்டு சரிவையும் ஒரே இடத்தில் சேர்த்து மூடிவிட்டால் வெக்கை மேலே தேங்கும். ஒரு சரிவை மற்றதைவிட ஒன்றரை அடி உயர்த்தி, கீழ்ச் சரிவுக்கு மேலே 1 அடி நீட்டிவிடச் சொல்லுங்கள். 20 அடி நீளத்துக்கு ஒன்றரை அடி திறப்பு என்றால் 30 சதுர அடி. தரைப் பரப்பில் 15 சதவீதம். வெக்கை வெளியேற இது போதும். திறப்பின் முகம் மழை அடிக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். அதில் பூச்சி வலை கட்டிக்கொள்ளலாம்.

ஷீட் 200 மைக்ரான், புற ஊதாக் கதிர் தாங்கும் ரகம். கடையில் 'யு.வி. ஷீட்' என்று கேளுங்கள். சாதாரணத் தார்ப்பாயோ வெள்ளை பாலித்தீனோ ஒரு கோடையில் பொடிந்துவிடும். கீழ்ச் சரிவுக்கு 8 அடி, உயர்ந்த சரிவுக்கு 10 அடி அகலம். நீளம் இரண்டுக்கும் 23 அடி. இந்தக் கணக்கில் இறவாரத்துக்கு வெளியே 1 அடி தொங்கலும் மடிப்பும் அடங்கும். ஷீட்டைக் கம்பியால் கட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது. அலுமினியப் பட்டைக்குள் ஜிக்ஜாக் ஸ்பிரிங் வைத்து அழுத்துவதுதான் முறை. ஷீட் படும் பைப்பின் மேல்பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடியுங்கள், அல்லது பழைய ஷீட்டைக் கீறிச் சுற்றுங்கள். வெயிலில் காயும் இரும்பு தொட்ட இடத்தில்தான் ஷீட் முதலில் கிழியும். இழுத்துக் கட்டும் வேலையைக் காற்று இல்லாத நாளில் காலை 9 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நேரத்தில் கட்டினால் பகலில் தொய்ந்து, மழைநீர் குளம் கட்டும்.

நிழல்வலை வேண்டுமென்றால் 35 சதவீதம், வெள்ளை நிறம். கடையில் பச்சை வலையைத் தான் எடுத்து நீட்டுவார்கள். பச்சை நிறத்தால் செடிக்கு ஒரு லாபமும் இல்லை. வலையை ஷீட்டுக்கு மேலே 1 அடி இடைவெளி விட்டுக் கட்டினால் சூடு உள்ளே வருமுன்பே குறையும். மார்ச் முதல் மே வரை போட்டு, மழை மூட்டம் தொடங்கியதும் சுருட்டி வைத்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. நாம் 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழும். தெற்குப் பக்கம் மட்டும் வலை கட்டிவிட்டு, இன்னும் இலை கருகுகிறதே என்று எழுதுபவர்களுக்குக் காரணம் இதுதான்.

எங்கள் ஊர்க் காற்றைத் தெரியும்தானே? இங்கே குடில் நிற்குமா?
— வாசகர், ஆரல்வாய்மொழி

நிற்கும், தக்கலைக்குச் சொன்ன அளவில் அல்ல. முப்பந்தலில் காற்றாலை ஓட்டும் அதே காற்று உங்கள் கூரையையும் ஓட்டப் பார்க்கும். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவதால், குடிலின் குறுகிய முகப்பு மேற்கு பார்க்க வேண்டும். பக்க உயரம் ஆறரை அடி, குழி 3 அடி, தூண் இடைவெளி 4 அடி. நாலு மூலையிலும் குறுக்குச் சாய்வுக் கம்பி கட்டாயம். மேற்கே 10 அடி தள்ளி, குடில் உயரத்துக்கு 50 சதவீத நிழல்வலையை நிறுத்துங்கள். மதில் சுவர் எழுப்பாதீர்கள். சுவரைத் தாண்டும் காற்று சுழன்று அப்புறம் குத்தும். வலை காற்றை வடிகட்டித் தணிக்கும்.

கூரை பிய்வது பெரும்பாலும் உள்ளிருந்து. மேற்குக் கதவு திறந்திருக்க, கிழக்குப் பக்கம் அடைத்திருந்தால், புகுந்த காற்று போக வழியில்லாமல் ஷீட்டைத் தூக்கும். கதவைக் கிழக்கில் வையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் ஷீட்டைக் காப்பாற்ற நினைக்காமல் கழற்றிவிடுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது ரப்பரும் வாழையும் என்ன பாடு பட்டன என்பதை மாவட்டமே பார்த்தது. ஜிக்ஜாக் ஸ்பிரிங்கின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். இரண்டு பேர் இருந்தால் சிறு குடிலின் ஷீட்டைச் சீக்கிரமே இறக்கிச் சுருட்டிவிடலாம். ஷீட் இல்லாத சட்டத்தில் காற்று பிடிக்க ஒன்றுமில்லை.

மாடியில் துளை போடாமல், 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பித் தூண் நட்டு, 10க்கு 10 அடி ஷீட் கூரை போடலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கணக்குப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் நிரப்பிய ஒரு வாளி சுமார் 48 கிலோ. நாலு வாளிக்கு 190 கிலோ. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் 100 சதுர அடிக் கூரையை மேலே இழுக்கும் விசை 280 கிலோவை எட்டும். வாளியோடு சேர்த்துப் பக்கத்து வீட்டில் இறங்கும். வாளி முறை நிழல்வலைக்குப் போதும். ஷீட்தான் வேண்டும் என்றால் தூண்களைக் கைப்பிடிச் சுவரின் கான்கிரீட் பகுதியில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். வெறும் செங்கல் சுவர் தாங்காது. 12 இஞ்ச் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) ஒன்று நனைந்தால் ஏறக்குறைய 20 கிலோ. அவற்றைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் ஓடும் வரிசையில் வையுங்கள்.

தோட்டத்துக்கு மின்விசிறியும் ஈரப் பலகையும் வைத்த குடில், இல்லாவிட்டால் பனிபோல் தூவும் ஃபாகர் போடச் சொல்கிறார்கள். பலன் உண்டா?
— வாசகர், பூதப்பாண்டி

வாங்காதீர்கள். தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. 32 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருக்கும் உள்நாட்டு ஊரில் 8 டிகிரி வரை இறங்கும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் 3 டிகிரி இறங்குவதே பெரிது. மிச்சத் தண்ணீர் இலையில் உட்கார்ந்து பூஞ்சாணத்தை வளர்க்கும். அந்தப் பணத்தில் முகட்டுத் திறப்பைப் பெரிதாக்குங்கள்.

தக்காளி நன்றாக வளர்ந்து பூவும் பிடித்தது. திடீரென்று ஒரு மதியம் ஒரு செடி வாடியது. இலை பச்சையாகவே இருக்கிறது, மஞ்சளாகவில்லை. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை. ஒரே வாரத்தில் வரிசையில் நாலு செடி போயிற்று. கடையில் கொடுத்த பூஞ்சாண மருந்து கேட்கவில்லை.
— வாசகி, மார்த்தாண்டம்

மருந்து கேட்காததற்குக் காரணம், இது பூஞ்சாணம் அல்ல என்பதாக இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். வாடிய செடியின் அடித்தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, 3 இஞ்ச் துண்டு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் முங்கும்படி துண்டைத் தொங்கவிடுங்கள். ஆட்டாதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் அடியை நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். இழை இறங்காமல், கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டின் உள்ளே பழுப்புக் கோடு இருந்தால் ஃபியூசேரியம் வாடல்; அது பூஞ்சாணம். பச்சையாகவே சாய்ந்தது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவதாகவே தோன்றுகிறது.

மேற்குப் பகுதியின் புளிப்புத் தன்மையுள்ள செம்மண்ணும், வெதுவெதுப்பும், விடாத ஈரமும் இந்தப் பாக்டீரியாவுக்கு ஒத்துப்போகும். வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் தோண்டி எடுத்துச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள். கத்தரிக்கோலைக் கொதிநீரில் முக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினால் முதல் செடியின் நோய் கடைசிச் செடி வரை போகும். வரிசையாக நாலு செடி போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் இனி நடாமல் பயறு, வெண்டை, கீரை என்று மாற்றுங்கள். தக்காளியைக் குரோ பேக்கில், தரையில் படாமல் செங்கல் மேல் வைத்து வளர்க்கலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்கள் இந்த நோயைத் தாங்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இதோடு இலைச்சுருள் வைரஸையும் தாங்கும். இன்னும் உறுதியான வழி சுண்டைக்காய் வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுவது. சுண்டை மெதுவாக வளர்வதால் அதைத் தக்காளிக்கு முன்னதாகவே விதைத்து, இரண்டு தண்டும் ஒரே தடிமன் ஆனதும் ஒட்ட வேண்டும். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். மண் அணைத்துவிட்டால் தக்காளியே வேர்விட்டு, ஒட்டியதன் பயன் போய்விடும்.

குரோ பேக்கில் தென்னை நார்க்கழிவு நிறையப் போட்டேன். செடிகளின் இலை ஓரம் தீய்ந்ததுபோல் காய்கிறது. உரம் கூடிவிட்டதா?
— வாசகர், குளச்சல்

உரத்தைவிட உப்பைச் சந்தேகப்படுங்கள். நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் இயற்கையாகவே உண்டு. உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததென்றால் கேட்கவே வேண்டாம். 'கழுவியது' என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் நீங்களும் கழுவுங்கள். 5 கிலோ கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பிவரும். துணியில் போட்டுப் பிழிந்து, நல்ல தண்ணீர் விட்டு, வடியும் நீரில் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். 500-க்குக் கீழே வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, நார் மூழ்கும்படி ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி ஒருமுறை அலசுங்கள். வெறும் தண்ணீருக்கு அசையாமல் நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளி வெளியேற்றும். இந்தக் கடைசிப் படியை விட்டவர்களுக்குத்தான் பின்னால் தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது.

பையில் செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு; 12 இஞ்ச் பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. விளிம்புக்கு 2 இஞ்ச் கீழே நிறுத்துங்கள்.

கிணற்று நீரையும் அதே மீட்டரில் பாருங்கள். 450-க்குள் என்றால் கவலை இல்லை. அதிலிருந்து 2000 வரை என்றால், ஊற்றும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்காவது பையின் அடியில் வடிந்து போகும்படி ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் உப்பு உள்ளேயே சேரும். 2000-க்கு மேல் அந்தக் கிணறு குடிலுக்கு ஆகாது. கூரை இருக்கிறதே, இறவாரத்தில் அரைவட்டக் குழாய் கட்டுங்கள். 200 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 180 லிட்டருக்கு மேல் உப்பில்லாத தண்ணீர்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் குடில் வைக்கலாமா?
— வாசகர், குலசேகரம்

நேரடி வெயில் ஆறு மணி நேரம் விழுந்தால் வைக்கலாம். விழாது.

வெள்ளரி கொடி மேலே ஏறி நிறையப் பூக்கிறது. பிஞ்சு விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. பூச்சி வராமல் இருக்க நாலு பக்கமும் 40 மெஷ் (இஞ்சுக்கு 40 கண் உள்ள) வலை கட்டியிருக்கிறேன்.
— வாசகி, திங்கள்சந்தை

உங்கள் வலை வெள்ளை ஈயைத் தடுத்தது. கூடவே தேனீயையும் தடுத்துவிட்டது. நாட்டு வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் இருப்பது பெண். மகரந்தம் கிடைக்காத பிஞ்சைக் கொடி தானே கழித்துவிடும். காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூவால் இரண்டு மூன்று பெண் பூக்களைத் தடவலாம். வெயில் ஏறிவிட்டால் மகரந்தம் செத்துவிடும். பாவக்காய்க்கும் காலைதான். புடலை, பீர்க்கு, சுரை மூன்றும் சாயங்காலம் விரிபவை. அவற்றைக் காலையில் தேடிப்போனால் கூம்பிய பூதான் கிடைக்கும்.

தினமும் இந்த வேலை முடியாது என்றால், அடுத்த முறை மகரந்தம் இல்லாமலே காய்க்கும் சாலட் வெள்ளரி விதை வாங்குங்கள். பாக்கெட்டில் 'பார்த்தினோகார்பிக்' என்று இருக்கும். விதை விலை பல மடங்கு. அதை நாட்டு வெள்ளரிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. மகரந்தம் பட்டால் காயின் ஒரு முனை மட்டும் விதை வைத்து வீங்கும். இன்னொரு வழி, பூக்கும் காலத்தில் காலையில் மட்டும் பக்க வலையைச் சுருட்டிவிடுவது. சிறுதேனீப் பெட்டி ஒன்றைக் குடிலின் ஓரத்தில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. தக்காளி, மிளகாய், பயறு, வெண்டைக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். தக்காளிக்குக் காலையில் கொடி கட்டிய கயிற்றைத் தட்டிவிட்டால் போதும்.

தொட்டியிலிருந்து சொட்டுநீர் போட்டேன். முதல் பைக்குத் தண்ணீர் கொட்டுகிறது, கடைசிக்கு வரவே இல்லை.
— வாசகர், கருங்கல்

அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவானை வாங்கியிருப்பீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய அரை முதல் ஒரு பார் அழுத்தம் வேண்டும். 10 அடி உயரத் தொட்டி தருவது 0.3 பார். சாதாரணச் சொட்டுவானோ 4 மில்லிமீட்டர் நுண்குழாயோ மாட்டுங்கள். 16 மில்லிமீட்டர் குழாய் மட்டமாக ஓட வேண்டும். ஓரிடத்தில் 1 அடி ஏறினாலும் இருக்கிற அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. எடுத்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் நின்றதும் பழுப்பாக மாறினால் இரும்புச் சத்து அதிகம். திறந்த டிரம்மில் ஒரு ராத்திரி நிறுத்தி, அடியிலிருந்து அரை அடி மேலே குழாய் எடுங்கள். 120 மெஷ் வடிகட்டி போட்டு, வாரம் ஒருமுறை குழாய்களின் கடைசி மூடியைக் கழற்றித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

மிளகாய் இலை சுருள்கிறது. கந்தகம் அடிக்கலாமா?
— வாசகர், அருமனை

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். படகுபோல் மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். 40 மெஷ் வலைக்குள் அது நுழைந்துவிடும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். இலை சிறுத்துக் கொத்தாகி, செடியே குட்டையாக நின்றால் வைரஸ், பிடுங்கிவிட வேண்டியதுதான். கந்தகம் கேட்பது சிலந்திப்பேனுக்கு மட்டும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 3 கிராம், சாயங்காலம். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழியட்டும். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். பையை வெளியே தூக்கிவந்து அடியுங்கள். கந்தகமும் குளோரினும் யு.வி. ஷீட்டின் ஆயுளைக் குறைத்துவிடும். இலைப்பேனுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி காதி சோப்புக் கரைசல். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

குடிலில் குடைமிளகாய் வருமா?
— வாசகி, இரணியல்

ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் குடைமிளகாய் காய் பிடிக்கும். நம் சமவெளியில் பெரும்பாலான மாதங்களில் அது கிடைக்காது. பூ பூவாகவே உதிரும். ஆசை விடவில்லை என்றால் செப்டம்பர் கடைசியில் குழித்தட்டில் விதையுங்கள். நவம்பர் நடுவில் நாற்றை நட்டால், பூ டிசம்பர் கடைசி, ஜனவரியில் வரும். ஆண்டிலேயே குளிர்ந்த இரவுகள் அப்போதுதான். முதல் கிளைப்பிரிவில் வரும் ஒற்றைப் பூவைக் கிள்ளிவிட்டு, செடிக்கு இரண்டு கிளை மட்டும் விட்டுக் கயிற்றில் ஏற்றுங்கள். மார்ச்சில் வெயில் ஏறியதும் பிடுங்கிவிட்டு, அதே பையில் பயறு போடலாம்.